மூளையைக் காக்கும் சேர்மத்தை எப்படி உருவாக்குகிறார்கள்?

மஞ்சளில் உள்ள குர்குமின் மூளை அணுக்களை (உயிரணுக்களை) காக்கிறது என்ற வகைச் செய்தியை நம்மில் பலர் ஒரு முறையேனும் படித்திருப்போம். அந்தச் செய்தியைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆய்வகத் தட்டில் வளர்த்த அணுக்களுக்குக் குர்குமினைக் கொடுத்தால், அவை சில நச்சுகளைத் தாங்கிப் பிழைப்பதைப் பல ஆய்வுக் குழுக்கள் கண்டிருக்கின்றன. ஆனால் தட்டில் பிழைத்த அணுவுக்கும், பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒருவரின் மூளைக்கும் இடையே உள்ள தொலைவைப் பற்றி அச்செய்திகள் பேசுவதில்லை. அந்தத் தொலைவைக் கடக்கும் சேர்மங்களை வேதியியலாளர்கள் எப்படித் திட்டமிடுகிறார்கள், எப்படிச் செய்கிறார்கள், ஏன் பெரும்பாலும் தோற்கிறார்கள் என்பதைத் தொடக்கநிலை வாசகருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நோயின் அறிகுறியைத் தணிப்பது ஒன்று. நரம்பணு இறப்பதைத் தடுப்பது வேறொன்று. பார்க்கின்சன் நோயாளிக்குக் கொடுக்கும் லெவோடோபா, மூளையில் குறைந்துபோன டோபமின் என்னும் செய்திக் கடத்தியை ஈடுசெய்வதால் நடுக்கமும் விறைப்பும் குறைகின்றன. நோயாளி மீண்டும் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொள்கிறார். ஆயினும் டோபமினைச் சுரக்கும் அணுக்கள் அழிவதை அது நிறுத்துவதாக நிறுவப்படவில்லை. அழிவையே தடுக்க முனையும் சேர்மங்களைத்தான் நரம்புக்காப்புச் சேர்மங்கள் என்கிறோம். இந்தப் பெயரைத் தாங்கிய ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் இருக்க, மருத்துவமனை அலமாரியில் இருக்கும் மருந்துகளையோ விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எதிலிருந்து காப்பது என்று தெரிந்தால்தான் எதை வடிவமைப்பது என்று தெரியும். பக்கவாதத்தை எடுத்துக்கொள்வோம். உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று சொல்லத்தக்க எதையும் அது வைத்துக்கொள்வதில்லை. பெரிய இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டார். அடைப்பின் நடுப்பகுதியில் உள்ள அணுக்கள் சில நிமிடங்களிலேயே இறந்துவிடுகின்றன. அதைச் சுற்றியுள்ள பகுதியோ அரைப்பட்டினியில் சில மணிநேரம் உயிரோடு கிடக்கிறது. கிரகணத்தின் முழுநிழலைச் சுற்றி இருக்கும் அரைநிழலின் பெயரையே மருத்துவர்கள் இப்பகுதிக்கு வைத்திருக்கிறார்கள். காக்க முடிந்தது இந்த அரைநிழல் மட்டுமே.

அங்கே நடப்பது ஒரு சரிவு. ஆற்றல் இல்லாததால் அணுச்சவ்வின் அயனிப் பம்புகள் நிற்கின்றன. குளூட்டமேட் என்னும் செய்திக் கடத்தி அளவுமீறி வெளியே கொட்டுகிறது. அது அண்டை அணுக்களில் செய்தியை வாங்கும் வாயில்களான என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் திறந்துவைப்பதால் கால்சியம் அயனிகள் வெள்ளமாக உள்ளே புகுகின்றன. கால்சியத்தால், அணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா நிலைகுலைகிறது. இரத்த ஓட்டம் மீளும்போது திடீரென வந்து சேரும் ஆக்சிஜனும் இதனுடன் சேர்ந்துகொள்ள, தனி உறுப்புகள் எனப்படும் ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகுகின்றன. இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியையும் வெட்டலாம் என்பதுதான் கொள்கை அளவிலான நம்பிக்கை.

குளூட்டமேட் கண்ணியை வெட்ட முயன்றவர்கள் கற்ற பாடம் ஒன்று உண்டு. எம்.கே.-801 என்ற சேர்மம் என்.எம்.டி.ஏ. ஏற்பியின் அயனி வழியை மிக இறுக்கமாக அடைத்தது. விலங்குகளில் அணுக்களைக் காத்தது. ஆனால் அந்த ஏற்பி நோய்க்காக உண்டானது இல்லை. கற்றலுக்கும் நினைவுக்கும் அன்றாடம் தேவைப்படுவது. அதை முழுவதும் அடைத்தபோது மனப்பிறழ்வு போன்ற விளைவுகள் தோன்றின. எலிகளின் மூளை அணுக்களில் குமிழிகள் உண்டாவதை 1989-இல் கண்டார்கள். காக்க வந்த மருந்தே காயப்படுத்தியது. இதற்கு மாறாக மெமாண்டின் அதே வழியில் நுழைந்து, அதிக நேரம் தங்காமல் விரைவாக விலகிவிடுகிறது. ஆகவே இயல்பான செய்திப் பரிமாற்றம் பெரிதும் கெடுவதில்லை. இது 1960-களில் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்டு, அதில் பயன் தராமல் போன சேர்மம். அல்சைமர் நோய்க்கு ஐரோப்பாவில் 2002-இலும் அமெரிக்காவில் 2003-இலும் அனுமதி பெற்றது. அங்கும் அது தருவது மிதமான அறிகுறித் தணிப்பே. ஏற்பியோடு எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறதோ அவ்வளவு நல்ல மருந்து என்று புதிதாக இத்துறைக்கு வருபவர் எண்ணுவது இயல்பு. மூளையைப் பொறுத்தவரை அது தவறான கணக்கு.

அடுத்து, போய்ச் சேர்வது என்ற சிக்கல். ஜெர்மானிய அறிவியலாளர் பால் எர்லிக் 1885-இல் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தபோது மற்ற உறுப்புகள் நிறமேற, மூளை மட்டும் வெளுத்தே இருந்தது. மூளைக்குச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் தன்மை இல்லை என்று அவர் நினைத்தார். அவரிடம் பயின்ற எட்வின் கோல்ட்மன் 1913-இல் சாயத்தை மூளைத் தண்டுவட நீரிலேயே செலுத்தினார். இம்முறை மூளை நிறமேறியது. மற்ற உறுப்புகள் ஏறவில்லை. இடையே ஒரு தடுப்பு இருக்கிறது என்பது அப்போது விளங்கியது. மூளையின் நுண்குழாய்களில் சுவர் அணுக்கள் ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பிணைந்திருக்கின்றன. எனவே ஒரு மூலக்கூறு அணுக்களின் நடுவே நழுவிச் செல்ல முடியாது. கொழுப்பாலான சவ்வைக் கரைந்து கடக்க வேண்டும், அல்லது லெவோடோபாவைப் போல, உணவுச் சத்துகளை ஏற்றிச் செல்லும் புரதம் ஒன்றின் முதுகில் ஏறிச் செல்ல வேண்டும். கடந்து வந்தாலும், வேண்டாதவற்றை வெளியே தள்ளும் பம்புகள் காத்திருக்கின்றன.

ஆகவே மூளைக்கான மூலக்கூறு சிறியதாக இருக்க வேண்டும். மின்னூட்டம் சுமந்த தொகுதிகளும் நீரோடு ஒட்டும் தொகுதிகளும் குறைவாக இருக்க வேண்டும். அதற்காகக் கொழுப்பில் கரையும் தன்மையைக் கூட்டிக்கொண்டே போனால், இரத்தத்தில் கரையாமலும், இரத்தப் புரதங்களில் ஒட்டிக்கொண்டும், கல்லீரலில் சிதைந்தும், தொடர்பற்ற இடங்களில் பற்றியும் தொல்லை தரும். ஃபைசர் நிறுவன வேதியியலாளர்கள் 2010-இல் ஆறு பண்புகளுக்கு மதிப்பெண் இடும் முறையொன்றை வெளியிட்டார்கள்: மூலக்கூறு எடை, கொழுப்பில் கரையும் அளவு இரண்டு வகையில், முனைவுற்ற மேற்பரப்பு, ஹைட்ரஜன் பிணைப்பு தரும் தொகுதிகளின் எண்ணிக்கை, காரத்தன்மை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்; ஆறுக்கு நான்கு வாங்கினால் முயன்று பார்க்கலாம். புழக்கத்தில் இருந்த 119 நரம்பு மண்டல மருந்துகளில் 74 விழுக்காடு நான்கும் அதற்கு மேலும் பெற்றன. மீதமுள்ளவை அப்படிப் பெறாமலேயே மருந்தாகியிருக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். இது வழிகாட்டி, சட்டம் இல்லை.

இனி ஒரு சேர்மத்தை அருகில் நின்று பார்க்கலாம். அதன் பெயர் எடரவோன். மூலக்கூறு எடை 174 மட்டுமே. 10 கார்பன், 10 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்களைக் கொண்டது. இதைத் தொகுக்க இரண்டு பொருள்கள் போதும். ஒன்று ஃபீனைல் ஹைட்ரசீன்: இளமஞ்சளான எண்ணெய் போன்ற நீர்மம், காற்றுப்பட்டால் பழுப்பேறும், நச்சு மிக்கது, கையுறையும் காற்றுறிஞ்சும் பெட்டியும் இல்லாமல் தொடக்கூடாது. மற்றொன்று எத்தில் அசிட்டோஅசிட்டேட்: நிறமற்றது, பழ மணம் வீசுவது. இரண்டையும் கலந்தால் கலவை தானாகவே சூடேறும். ஃபீனைல் ஹைட்ரசீனின் முனையில் உள்ள நைட்ரஜன் மற்றதன் கீட்டோன் கார்பனைப் பற்றிக்கொள்ள, ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. பிறகு சூடுபடுத்தினால், அடுத்திருக்கும் இரண்டாவது நைட்ரஜன் வளைந்து சென்று எஸ்டர் கார்பனைப் பற்றுகிறது. எத்தனால் வெளியேற, ஐந்து அணுக்கள் கொண்ட வளையம் மூடிக்கொள்கிறது. குளிரவைத்தால் திண்மம் படிகிறது. அதை எத்தனாலில் கரைத்து மீண்டும் படிகமாக்கி, கலப்பைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தட்டில் ஒரே புள்ளியாகத் தெரிகிறதா என்று பார்த்து, உருகுநிலை 127 பாகை செல்சியசை ஒட்டி வருகிறதா என்று சோதித்து, இறுதியாக மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவியில் ஒவ்வொரு ஹைட்ரஜனும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று உறுதிசெய்கிறார்கள். முதுநிலை வேதியியல் மாணவர்கள் செய்முறை வகுப்பில் செய்யத்தக்க எளிய வினைதான்.

இவ்வினையை முதலில் செய்தவர் மூளையைப் பற்றி நினைக்கவே இல்லை. ஜெர்மனியின் எர்லாங்கனில் லுட்விக் நோர் 1883-இல் இதைச் செய்தபோது, குவினைனோடு உறவுள்ள ஏதோ ஒன்று கிடைத்ததாகத் தவறாக எண்ணினார். கிடைத்த பொருளில் மேலும் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்து, ஆண்டிபைரின் என்ற புகழ்பெற்ற காய்ச்சல் மருந்தை உண்டாக்கினார். நடுவழியில் வந்த பொருள் நூறு ஆண்டுகளாக நடுவழிப் பொருளாகவே கிடந்தது. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவன ஆய்வாளர்கள் எம்.சி.ஐ.-186 என்ற குறியெண்ணுடன் அதை மீண்டும் கையில் எடுத்தார்கள். 2001-இல் ஜப்பான் அதைப் பக்கவாத மருந்தாக அனுமதித்தது. புதிய சேர்மம் என்றால் உலகில் இல்லாத ஒன்றைச் செய்வது மட்டுமே என்று எண்ணுபவர்களுக்கு இதை நினைவூட்டுவது நல்லது.

அது எப்படி வேலை செய்கிறது? எலக்ட்ரான்கள் பொதுவாக இணை இணையாக இருக்கும். இணையிழந்த ஒற்றை எலக்ட்ரானோடு திரிவது தனி உறுப்பு. அது அணுச்சவ்வின் கொழுப்பு மூலக்கூறு ஒன்றிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கிறது. பறிகொடுத்த கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சில் உறுப்பாகி, பக்கத்துக் கொழுப்பிலிருந்து பறிக்கிறது. வைக்கோல் போரில் தீ தாவுவதுபோல் இது பரவுகிறது. எடரவோன் நடுவே புகுந்து தன் எலக்ட்ரானைக் கொடுத்துச் சங்கிலியை முடித்துவைக்கிறது. கொடுத்த பிறகு அதுவே ஒரு தனி உறுப்பாகிவிடாதா என்ற கேள்வி எழ வேண்டும். ஆகத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஒற்றை எலக்ட்ரான் ஓரிடத்தில் நிற்காமல் வளையங்களின்மேல் பரவிக்கொள்வதால் அடுத்தவரைத் தாக்கும் வேகம் அதற்கு இல்லை. மேலும் வினைபுரிந்து தீங்கற்ற பொருளாக முடிகிறது.

அதன் அமைப்பில் இன்னொரு நுட்பமும் உண்டு. எடரவோன் ஹைட்ரஜன் அயனியை எளிதில் விட்டுவிடும். இரத்தத்தின் அமிலகார நிலையான 7.4-இல் அதன் பெரும்பகுதி எதிர்மின்னூட்டம் பெற்ற வடிவில் இருக்கிறது. எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுப்பது அந்த வடிவமே. மீதமுள்ள மின்னூட்டமற்ற பகுதி சவ்வைக் கடக்கிறது. ஒன்று கடக்க, மற்றொன்று காக்க, இரண்டும் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கின்றன. இதை யாரும் கணினியில் வரைந்து முன்கூட்டித் திட்டமிடவில்லை. இருந்தாலும், இன்று மூளைக்கான சேர்மத்தை வரைபவர் இதற்கு மேல் ஒரு நல்ல மாதிரியைத் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இப்போது குர்குமினுக்குத் திரும்பலாம், ஏனெனில் அதே ஃபீனைல் ஹைட்ரசீன் அங்கும் வருகிறது. குர்குமினில் இரு முனைகளிலும் ஃபீனால் வளையங்கள், நடுவே ஏழு கார்பன் சங்கிலி, அச்சங்கிலியின் மையத்தில் இரண்டு கார்பனைல் தொகுதிகள் (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பன்கள்) உள்ளன. பலவீனமே அந்த மையம்தான். உடல் வெப்பத்தில், 7.2 அளவிலான அமிலகார நிலையில், புரதம் எதுவும் இல்லாத கரைசலில் வைத்தால் அரை மணிநேரத்தில் சுமார் 90 விழுக்காடு சிதைந்துவிடுகிறது. குடலிலிருந்து உறிஞ்சப்படுவதும் குறைவு. கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் ஷூபர்ட், பமீலா மாஹர் ஆகியோரின் குழு இந்த இடத்தில் கை வைத்தது. இரண்டு கார்பனைல்களையும் ஃபீனைல் ஹைட்ரசீனோடு வினைபுரியச் செய்தால், அவை பைரசோல் என்ற உறுதியான வளையமாகப் பூட்டிக்கொள்கின்றன. எடரவோனின் வளையத்துக்கு இது நெருங்கிய உறவு. இப்படிக் கிடைத்த சேர்மம் சி.என்.பி.-001. சிதையும் மையம் போயிற்று. ஆனால் மூலக்கூறு எடை 368-இலிருந்து 440-ஆக ஏறிவிட்டது.

பின்பு அதை ஒவ்வொரு பகுதியாக மாற்றிப் பார்த்தார்கள். முனைகளில் இருந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் தேவைதானா? நடு வளையம் மூடியே இருக்க வேண்டுமா? இப்படிக் கேட்டுக் கேட்டுச் செய்த தொடரில் 2011-இல் வெளிவந்தது ஜே.147, எடை 350, ஹைட்ராக்சில் இல்லை, ஒரு முனையில் மூன்று ஃபுளோரின் அணுக்கள். பார்ப்பவருக்குக் குர்குமினின் சாயலே தெரியாது. அது அணுவுக்குள் எதைப் பற்றுகிறது என்பது ஏழு ஆண்டுகள் கழித்து, 2018-இல் வெளியானது: மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உண்டாக்கும் ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற நொதி. முதல்கட்ட மனிதப் பரிசோதனை வரை சென்ற அது, இன்னும் மருந்தாக அனுமதி பெறவில்லை. மஞ்சள் நல்லதுதான், குழம்பில் இருக்கட்டும். ஆனால் இந்தத் தொடரின் கடைசிச் சேர்மத்துக்கும் சமையலறை மஞ்சளுக்கும் இடையே இருப்பது பல ஆண்டு வேதியியல்.

இத்தகைய சேர்மங்கள் ஆய்வகத்தில் முதலில் சந்திக்கும் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் எஸ்.எச்.-எஸ்.ஒய்.5ஒய் என்ற அணுவகையைத் தட்டில் வளர்த்து, ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது குளூட்டமேட்டை ஊற்றி, சேர்மம் இருந்தால் எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணுவார்கள். எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தை உயிருள்ள அணுக்கள் ஊதாவாக மாற்றும். ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு அணுக்கள் உயிரோடு இருக்கின்றன. எளிய, மலிவான, பயனுள்ள சோதனை. ஆனால் அந்த அணுக்கள் ஒரு குழந்தையின் நரம்புப் புற்றுநோயிலிருந்து வந்தவை. உண்மையான நரம்பணு பிரிந்து பெருகாது, இவை பெருகிக்கொண்டே இருக்கும். தட்டில் இரத்த-மூளைத் தடுப்பு இல்லை, கல்லீரல் இல்லை. பெரும்பாலும் சேர்மத்தை முன்னதாகவே ஊற்றிவிட்டு நச்சைப் பிறகு ஊற்றுகிறார்கள். பக்கவாத நோயாளி அப்படி முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. இந்த ஒரே சோதனையை வைத்து நரம்புக்காப்புச் சேர்மம் என்று தலைப்பிடும் கட்டுரைகளை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன்.

விலங்குச் சோதனையும் இதே வகையில் ஏமாற்றியிருக்கிறது. பக்கவாதத்துக்காக முயலப்பட்ட 1,026 சிகிச்சைகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2006-இல் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 114 மனிதர்களிடம் சோதிக்கப்பட்டிருந்தன. மனிதர்களிடம் கொண்டுபோகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை, தேர்ந்தெடுக்கப்படாதவற்றைவிட விலங்குகளில் சிறப்பாகச் செயல்பட்டன என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஆஸ்ட்ராசெனெகாவின் என்.எக்ஸ்.ஒய்.-059. தனி உறுப்புகளைப் பிடித்துக்கொள்ளும் நைட்ரோன் வகைச் சேர்மம் அது. ஊசியாகச் செலுத்த வசதியாக நீரில் கரைய வேண்டும் என்பதால், அதன் வளையத்தில் இரண்டு சல்ஃபோனேட் தொகுதிகள் இருந்தன. கரைந்தது, ஆனால் அதே இரண்டு எதிர்மின்னூட்டங்கள் மூளைத் தடுப்பைக் கடப்பதற்குப் பெருந்தடையாயின. 2006-இல் வெளியான செயிண்ட்-1 பரிசோதனையில், சுமார் 1,700 நோயாளிகளிடம், உடல் இயலாமை சற்றுக் குறைந்ததாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டு வெளியான செயிண்ட்-2, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு, போலி மருந்துக்கும் (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், மருந்துப் பொருள் இல்லாத ஒன்று) அதற்கும் வேறுபாடே இல்லை என்று காட்டியது. அத்துடன் அது கைவிடப்பட்டது. விலங்குச் சான்றுக்காக 1999-இல் வகுக்கப்பட்ட வழிகாட்டு நெறிகளைப் பெருமளவு நிறைவுசெய்ததாகக் கொண்டாடப்பட்ட சேர்மம் அது என்பதால், தோல்வியின் அதிர்ச்சி பல நிறுவனங்களை இத்துறையிலிருந்தே விலக வைத்தது.

எடரவோனின் கதையும் நேர்கோட்டில் செல்லவில்லை. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக இறக்கும் ஏ.எல்.எஸ். நோய்க்கு ஜப்பானில் 2015-இலும் அமெரிக்காவில் 2017-இலும் அது அனுமதி பெற்றது. அடிப்படையான பரிசோதனையில் இருந்தவர்கள் 137 பேர், நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்கள். 48 மதிப்பெண் கொண்ட இயக்கத்திறன் அளவையில், 24 வாரங்களில், போலி மருந்து பெற்றவர்கள் சராசரியாக 7.50 இழந்தார்கள், எடரவோன் பெற்றவர்கள் 5.01 இழந்தார்கள். எழுதுகோலைப் பிடிப்பதும் மாடிப்படி ஏறுவதும் அந்த அளவையில் மதிப்பெண்கள் என்பதால், இந்த இரண்டரைப் புள்ளியை அற்பம் என்று தள்ளுவதற்கில்லை. நோயை நிறுத்தியது என்று சொல்வதற்கும் இல்லை. ஐரோப்பாவில் விண்ணப்பம் 2019-இல் திரும்பப் பெறப்பட்டது.

சீனாவில் இதே மூலக்கூறுக்கு ஒரு துணை சேர்த்தார்கள். கற்பூரத்தின் நெருங்கிய உறவான டெக்ஸ்போர்னியோலை, நான்குக்கு ஒன்று என்ற அளவில் எடரவோனோடு கலந்தார்கள். தனி உறுப்பை ஒன்று பிடிக்க, அழற்சியை மற்றொன்று தணிக்கட்டும் என்பது எண்ணம். 1,165 நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையில், 90 நாட்களுக்குப் பிறகு நல்ல நிலையில் இருந்தவர்கள், எடரவோன் மட்டும் பெற்றவர்களில் 59 விழுக்காடு, கலவை பெற்றவர்களில் 67 விழுக்காடு. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையாக அதைக் கொடுத்து 914 பேரிடம் நடத்திய அடுத்த பரிசோதனை 2024-இல் வெளியானது. போலி மருந்து பெற்றவர்களில் 54.7 விழுக்காடும், மருந்து பெற்றவர்களில் 64.4 விழுக்காடும் நல்ல நிலையை அடைந்தார்கள். இரண்டும் சீன மருத்துவமனைகளில் மட்டுமே நடந்தவை. செயிண்ட்-1-க்குப் பின் செயிண்ட்-2 வந்ததை மறக்காதவர்கள், வேறு நாடுகளில் வேறு மருத்துவர்கள் இதே மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள்.